கரிக்கோட்டில் வாழும் முகங்கள்

ஓவியம் என்றவுடன் வண்ணமே நம் நினைவில் எழும். வண்ணத்தை அறவே விலக்கி, சாம்பல்நிறக் கோடுகளாலேயே மனித முகத்தை வடித்த கலைமரபொன்று 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் செழித்திருந்தது. பதப்படுத்திய கன்றுத்தோலில், உள்ளங்கை அளவில், கரிக்கோல் கொண்டு வரையப்பெற்ற இச்சிற்றோவியங்களைக் கலை வரலாற்றாசிரியர் 'பிளம்பேகோ' எனக் குறிப்பர்.

அப்பெயரே ஒரு மயக்கத்தின் எச்சமாகும். கம்பர்லாந்தின் பாரோடேல் பள்ளத்தாக்கில் 16ஆம் நூற்றாண்டில் வெட்டியெடுக்கப்பெற்ற கருங்கனிமத்தை மக்கள் ஈயத்தின் ஒரு வகையெனக் கருதினர். ஈயத்தைச் சுட்டும் இலத்தீன் சொல்லினின்று பெயரும் பிறந்தது. அது கரியே என்பதை ஷீலே 1779இல் நிறுவினார். 'எழுதுதல்' எனப் பொருள்படும் கிரேக்க வேரினின்று 'கிராஃபைட்' என்னும் பெயரை 1789இல் வெர்னர் சூட்டினார்.

இக்கலையை வளர்த்தோருள் பலர் செப்புத்தகட்டில் உருவம் செதுக்கி அச்சிடும் தொழிலினர். நூன்முகப்பில் ஆசிரியரின் உருவம் இடம்பெற வேண்டுமாயின், அவரை நேரில் கண்டு முதலில் தோலில் வரைவர். பின்னர் அவ்வரைவை நோக்கித் தகட்டில் செதுக்குவர். டான்சிக் நகரில் பிறந்து, 1669இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செதுக்குநராக அமர்ந்த டேவிட் லாகன் இவர்களுள் தலையாயவர். ராபர்ட் ஒயிட் அவர்தம் மாணவர். தாமஸ் ஃபார்ஸ்டரோ அச்சினைக் கருதாது, ஓவியத்தின் பொருட்டே ஓவியம் வரைந்தார்.

ஒயிட் வரைந்த ஜான் பனியனின் உருவம் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. பனியன் கலங்களைப் பழுதுபார்க்கும் தொழிலாளி; இசைவின்றிச் சமயவுரை ஆற்றியமைக்காக 1660 முதல் 1672 வரை பெட்ஃபோர்டில் சிறைப்பட்டவர். அவர் எழுதி 1678இல் வெளிவந்த பயணக்கதையைத் தழுவியே எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார். அது 1894இல் வெளிவந்தது. ஆதலின் அம்முகம் தமிழ் கற்போர்க்கு முற்றிலும் அயலானதன்று. அரண்மனை ஓவியங்களில் இடம்பெறும் குலத்தில் பிறவாத ஒருவரையும், அவர் எழுதிய நூலின் பொருட்டு, இக்கரிக்கோல் தேடிச் சென்றது.

தந்தத்தில் நீர்வண்ணம் தீட்டும் முறை 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பரவியது. கரிக்கோல் மரபு தேய்ந்தது. அச்சுக்குத் துணையாகப் பிறந்தவையே இவ்வரைவுகளுள் பல. எனினும், தகடு தந்தவை படிகள். எதிரில் அமர்ந்தவரை நேரே கண்ட கையின் தடம் தோலில் மட்டுமே தங்கியது. அதனாலன்றோ, கருவியாகப் பிறந்தது இன்று கலையாகப் போற்றப்படுகின்றது!