சிவப்புப் புழு: புலியா, பூச்சாண்டியா?

நேற்று மாலை கடற்கரைச் சாலையில் வழக்கமாக உட்காரும் இடத்தில் ஒரு வாக்குவாதம். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் சொன்னார்: "இந்த வைரஸ், புழு எல்லாம் வெறும் பூச்சாண்டி சார். 2000 பிறந்தால் உலகமே நின்றுவிடும் என்றார்கள், நின்றதா? அடுத்த வருடம் கோட் ரெட் வருகிறது, இணையமே படுத்துவிடும் என்றார்கள், படுத்ததா?" பதில் சொல்வதற்குள் கொசு எங்களை எழுப்பி விட்டுவிட்டது. அதனால் இங்கே சொல்கிறேன்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் ஆதலால், அந்தப் பெயரைக் கேட்டதும் 'கோது ரூழ்' என்றுதான் என் மனம் சொல்லிக்கொண்டது. ஏதோ அபாய அறிவிப்பு என்று நினைத்தேன். உண்மை வேறு. அதை ஆராய்ந்த ஈ-ஐ என்ற அமெரிக்க நிறுவனத்தின் இளைஞர்கள், அப்போது தாங்கள் குடித்துக்கொண்டிருந்த மவுண்டன் டியூ குளிர்பானத்தின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள்!

அது 2001 ஜூலை 13 அன்று கண்ணில் பட்டது. மைக்ரோசாஃப்டின் ஐ.ஐ.எஸ். என்ற மென்பொருளில் இயங்கிய இணையதளக் கணினிகளில் ஒரு ஓட்டை இருந்தது. அதை அடைக்கும் திருத்தத்தை ஜூன் 18 அன்றே அந்த நிறுவனம் வெளியிட்டிருந்தது. ஆனாலும் பலர் போடவில்லை. அந்த மென்பொருள் தங்கள் கணினியில் ஓடுகிறது என்பதே தெரியாதவர்களும் உண்டு.

முதலில் வந்த புழு மெதுவாகத்தான் ஊர்ந்தது. ஜூலை 19 அன்று அதன் திருந்திய வடிவம் வந்தது. 14 மணி நேரத்துக்குள் சுமார் 3,59,000 கணினிகள் அதன் வசமாயின. உச்ச வேகத்தில் நிமிடத்துக்கு 2,000-க்கும் மேல். முதல் வடிவம் புகுந்த ஆங்கிலத் தளங்களின் முகப்பில் 'சீனர்களால் கைப்பற்றப்பட்டது' என்ற பொருளில் ஒரு வாசகம் தோன்றியிருந்தது.

பிறகு மாதத்தின் 20-ஆம் தேதி முதல் எல்லாக் கணினிகளும் ஒன்றுசேர்ந்து அமெரிக்க வெள்ளை மாளிகையின் தளத்தைத் தாக்க வேண்டும் என்பது அதற்குள் எழுதியிருந்த கட்டளை. ஆனால் எழுதியவர் தளத்தின் பெயரைக் கொடுக்காமல், அதன் எண் முகவரியை மட்டும் கொடுத்திருந்தார். வெள்ளை மாளிகைக்காரர்கள் கதவு எண்ணை மாற்றிக்கொண்டார்கள். புழு காலி வீட்டைத் தட்டிக்கொண்டிருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

மாதக் கடைசியில் உறங்கிய புழு, ஆகஸ்ட் முதல் தேதி (நமக்கு அதிகாலை 5.30 மணி) மறுபடி எழும் என்று கணக்கிட்டார்கள். அமெரிக்க அரசும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து நிருபர்களைக் கூட்டி எச்சரித்தன. புழு எழுந்தது, லட்சக்கணக்கில் பரவவும் செய்தது. ஆனால் இணையம் படுக்கவில்லை. உடனே சிரிப்பு ஆரம்பமாயிற்று. "எல்லாம் வைரஸ் மருந்து விற்பவர்களின் வேலை" என்றார்கள் ஒரு சாரார். "எச்சரித்ததால்தானே ஏராளமானோர் ஓட்டையை அடைத்தார்கள்" என்றார்கள் மறு சாரார். நஷ்டம் சுமார் 260 கோடி டாலர் என்று ஒரு நிறுவனம் சொன்னது. வேலை கெட்ட நேரத்தையெல்லாம் உத்தேசமாகப் பணமாக்கிச் சொல்லும் கணக்கு அது. ஆடிட் பார்த்த எனக்கு அப்படிப்பட்ட கணக்கில் முழு நம்பிக்கை வராது.

இதுவரை நண்பர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் கதை அங்கே முடியவில்லை.

ஆகஸ்ட் 4 அன்று அதே ஓட்டை வழியாக இன்னொரு புழு வந்தது. கோட் ரெட் 2. அது முகப்பில் எதையும் எழுதவில்லை. நுழைந்த கணினியில் ஒரு கொல்லைக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போயிற்று. செப்டம்பர் 18 அன்று நிம்டா வந்தது. மின்னஞ்சல், இணையப் பக்கம், அலுவலக வலைப்பின்னல் என்று பல வழியாகப் பரவிய அது, திறந்து கிடந்த அந்தக் கொல்லைக் கதவுகளையும் தேடி நுழைந்தது.

இந்த இடத்தில் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆகஸ்டில் எங்கள் பிரிவில் கணினி பார்த்த தம்பி ஒரு பக்கக் குறிப்பு வைத்தார். ஒரு நாள் எல்லாக் கணினிகளையும் நிறுத்தித் திருத்தங்களைப் போட அனுமதி வேண்டும் என்று. செய்தித்தாளில் அந்தச் சிரிப்பைப் படித்திருந்த நான் அதன் கீழே, "தற்போதைக்கு அவசியமில்லை என்று தோன்றுகிறது, கோப்பில் சேர்க்கலாம்" என்று எழுதிச் சுருக்கொப்பமிட்டேன். மேலே அப்படியே ஏற்றுக்கொண்டார்கள்.

நிம்டா வந்தபோது நான்கு நாள் எங்கள் கணினிகள் முடங்கின. குடும்ப ஓய்வூதிய நிலுவைக்காக பாகூரிலிருந்து ஒரு அம்மா மூன்று முறை பஸ் ஏறி வந்தார்கள். மூன்று முறையும், "கம்ப்யூட்டர் வேலை செய்யலம்மா" என்று திருப்பி அனுப்பியவன் நானே. 260 கோடி டாலர் கணக்கில் அந்த அம்மாவின் பஸ் காசு சேர்ந்திருக்காது.

ஆகவே நண்பருக்கு என் பதில்: அன்றைக்கு எத்தனை விழுந்தது என்பதை மட்டும் வைத்து ஒரு தாக்குதலை அளக்காதீர்கள். போகும்போது எந்தக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போயிற்று என்றும் பாருங்கள். அந்தக் கதவுகளில் ஒன்றைச் சாத்த விடாமல் செய்த கை என்னுடையது.

நாளை மாலை இதை அவரிடம் நேரிலும் சொல்வேன். கொசு விட்டால்.