டிஃப்ளேட்கேட்: காற்று குறைந்த பந்துகளின் வழக்கு

அமெரிக்கக் கால்பந்தில் ரசிகர்களை நீண்ட காலம் இரண்டாகப் பிரித்துவைத்த மோசடிப் புகார். 2015 ஜனவரி 18 அன்று ஃபாக்ஸ்பரோவில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணி, இண்டியானபொலிஸ் கோல்ட்ஸை 45-7 என்று வீழ்த்தியது. பந்தில் காற்றழுத்தம் 12.5 முதல் 13.5 பிஎஸ்ஐ வரை இருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் விதி. இடைவேளையில் சோதித்தபோது, பேட்ரியாட்ஸ் பயன்படுத்திய 11 பந்துகளும் அதற்குக் கீழே இருந்தன. அழுத்தம் குறைந்த பந்து கைக்கு நன்றாகப் பிடிபடும்.

டெட் வெல்ஸ் தலைமையிலான விசாரணை, பந்துகளில் வேண்டுமென்றே காற்றிறக்கியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்றது. பேட்ரியாட்ஸின் குவார்ட்டர்பேக் டாம் பிராடிக்கு நான்கு ஆட்டத் தடை. அணிக்கு 10 லட்சம் டாலர் அபராதம்.

பேட்ரியாட்ஸ் ரசிகர்கள் இயற்பியலைத் துணைக்கு அழைத்தார்கள்: குளிரில் காற்றழுத்தம் தானாகவே குறையும். அந்த வாதம் வலுவானது. ஆட்டத்துக்கு முன் எடுத்த அளவுகளை யாரும் எழுதிவைக்கவில்லை. பயன்படுத்திய இரு அளவிகளும் ஒத்துப்போகவில்லை. நேரம் போதாமல் கோல்ட்ஸின் நான்கு பந்துகளையே அளந்தார்கள். இடைவேளையில் பந்துகளில் காற்று நிரப்பிய பிறகு, இரண்டாம் பாதியில் பேட்ரியாட்ஸ் 28-0 என்று ஆதிக்கம் செலுத்தியதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எதிர்த்தரப்போ, பிராடி தன் கைப்பேசியை அழித்ததையே திரும்பத் திரும்பச் சுட்டியது.

2015 செப்டம்பரில் ஒரு நீதிபதி தடையை நீக்கினார். 2016 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மீண்டும் நடைமுறைப்படுத்தியது. தடையை முடித்துத் திரும்பிய பிராடி அதே பருவத்தில் லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை வென்றார்.

புகாருக்கு அடுத்த 2015 பருவத்தில் என்எஃப்எல் தானே எடுத்த பந்து அளவுகளை வெளியிடவில்லை. வெளியிட்டிருக்க வேண்டும்.