சாவி கைமாறிய கதை: திருவண்ணாமலையும் எழாத மடிக்கணினிகளும்

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். திருவள்ளூர் அருகே காக்களூரில் முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஐந்தாண்டில் 68 லட்சம் என்று இலக்கு வைத்தார்கள். 2020 வாக்கில் திட்டம் நின்றுபோவதற்குள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் மாணவர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. கொடுத்ததைப் பற்றி, ஏன் கொடுத்தார்கள் என்பதைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. அவை பழுதானபோது என்ன நடந்தது என்பதை யாரும் வரலாறாகப் பார்க்கவில்லை. திருவண்ணாமலை போன்ற ஒரு கோயில் நகரத்தில் இருந்து பார்த்தால் அது நன்றாகத் தெரியும். செங்கம், தண்டராம்பட்டு, கலசப்பாக்கம் பக்கத்துக் கிராமங்களில் பல வீடுகளுக்கு முதல் கணினியே இதுதான். மூடியின் மேல் அரசு முத்திரைக் கோபுரம். அண்ணாமலையார் கோயிலின் 217 அடி ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்து வளர்ந்த பிள்ளைகளின் மடியில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் வந்து உட்கார்ந்தது (முத்திரையில் இருப்பது அதுதான் என்பது பரவலான பேச்சு). அப்டேட் போட்ட மறுநாள் எழாமல் போகும் மடிக்கணினியை மீட்கும் வேலை, இந்தப் பதினைந்து ஆண்டுகளில், கைத்திறனை நம்பியிருந்த நிலையில் இருந்து அனுமதியை நம்பியிருக்கும் நிலைக்கு மாறிவிட்டது என்பது என் கட்சி. அன்று கடைக்காரருக்கு என்ன தெரியும் என்று கேட்டார்கள். இன்று சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

சர்வீஸ் கடைக்கு வருபவர் சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: “அண்ணே, அப்டேட் ஆச்சு, அப்புறம் ஆன் ஆகல.” இந்த ‘ஆன் ஆகல’வுக்குள் குறைந்தது மூன்று நோய்கள் இருக்கும். பவர் விளக்கே எரியாதது ஒன்று. விளக்கு எரிந்தும் டிஸ்ப்ளே வராதது இன்னொன்று. திரை வந்தும் இயங்குதளத்துக்குள் போகாமல் நின்றுவிடுவது மூன்றாவது. இதை விளக்கத் திருவண்ணாமலைக்காரர்களுக்கு வேறு ஊர் உதாரணம் வேண்டாம். கார்த்திகை தீபத்தன்று மாலை அர்த்தநாரீஸ்வரர் வெளியே வந்து கணநேரம் ஆடிக் காட்டியதும் கொடிமரத்தருகே சுடர் காட்டப்படும். அதன் பிறகே 2,668 அடி மலைமேல் கொப்பரையில் நெருப்பு வைப்பார்கள். கீழே சைகை தவறினால், மேலே நெய்யும் திரியும் தயாராக இருந்தும் இருட்டுதான். மடிக்கணினியும் இப்படியே எழுகிறது. பொத்தானை அழுத்தியதும் தாய்ப்பலகையில் இருக்கும் பயாஸ் முதலில் விழிக்கும். அது பூட்லோடரைத் தேடி எழுப்பும். பூட்லோடர், இயங்குதளத்தின் கருவான கெர்னலை எழுப்பும். விண்டோஸோ லினக்ஸோ அதற்குப் பிறகுதான். முதல் இரண்டு நோய்களுக்கும் அப்டேட்டுக்கும் பல சமயம் சம்பந்தமே இருக்காது. மாதக்கணக்கில் மூடித் திறந்தே ஓட்டிய மடிக்கணினியை அப்டேட் முதன்முறையாக முழுதாக அணைத்து எழுப்புகிறது. ஏற்கெனவே தளர்ந்திருந்த ரேம் அப்போது மாட்டிக்கொள்கிறது. சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, ரேமின் தங்கநிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினால் சிலது எழுந்துவிடும். இது சுத்தமான கைவேலை. எந்த நிறுவனத்தின் அனுமதியும் இதற்குத் தேவைப்படவில்லை. இங்கே நான் பேச வருவது மூன்றாவது நோயைப் பற்றி.

தொடக்கத்தில் வந்த அரசு மடிக்கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன: விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும், சென்னை சி-டாக் என்னும் அரசு ஆய்வு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும். இந்த இரட்டைக் குடித்தனத்துக்கு ஒரு முன்கதை உண்டு. 2006க்குப் பிறகு தமிழக அரசின் எல்காட் நிறுவனத்துக்கு நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அரசு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் லினக்ஸைக் கொண்டுவர முனைந்தார். 2011 டெண்டரின்போது விண்டோஸ் வேண்டுமா வேண்டாமா என்று பெரிய வாக்குவாதம் நடந்து, கடைசியில் இரண்டும் இருக்கட்டும் என்று முடிந்தது. ஸ்டார்ட்டரோ டெஸ்க்டாப் படத்தைக் கூட மாற்றவிடாத பதிப்பு. எழும்போது எதற்குப் போவது என்று கேட்கும் சின்னப் பட்டியலைக் காட்டுவது கிரப் என்னும் நிரல். அந்தக் காலத்து முறையில் அதன் முதல் துண்டு வன்வட்டின் முதல் 512 பைட்டுக்குள், அதிலும் 446 பைட்டுக்குள் அடங்க வேண்டும். யூனிகோடில் தட்டினால் இந்தப் பத்தியின் முதல் இரண்டு வாக்கியங்களுக்குக் கூட அந்த இடம் போதாது. விண்டோஸை மறுபடி நிறுவினால் அது இந்த இடத்தைக் கேட்காமலே தனதாக்கிக்கொள்ளும். பாஸ் வட்டில் அப்படியே இருக்கும், போக வழி இருக்காது. வழியைத் திரும்பப் போட ஒரு பென்டிரைவும் இரண்டு மூன்று கட்டளைகளும் போதும்.

2015 ஜூலை 29 அன்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10ஐ வெளியிட்டு, 7ம் 8.1ம் வைத்திருப்பவர்கள் ஓராண்டுக்கு இலவசமாக மாறிக்கொள்ளலாம் என்றது. வீட்டுக் கணினிகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் தாமே எழுந்து நின்று ‘மாறிக்கொள்’ என்று கேட்ட அந்த ஆண்டை இந்தத் தொழிலில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புதிய விண்டோஸ் தன் மீட்புக் கருவிகளுக்காகச் சில கணினிகளில் சி டிரைவின் ஓரத்தில் சில நூறு மெகாபைட்டை வெட்டி ஒரு புதிய பகுதியை உண்டாக்கியது. அதனால் பின்னால் இருந்த பகுதிகளின் எண் மாறியது. ஐந்தாவது பகுதியில் தன் மீதிக் கோப்புகள் இருப்பதாக நம்பியிருந்த கிரப், அங்கே போய்ப் பார்த்துவிட்டு, கறுப்புத் திரையில் ‘அப்படியொரு பகுதியே இல்லை’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி, ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று நின்றுவிடும். பார்ப்பவருக்கு ஹார்டுடிஸ்க்கே போய்விட்டது போலத் தோன்றும். உண்மையில் ஒரு எழுத்தும் அழிந்திருக்காது. அந்தத் திரையிலேயே ‘எல்எஸ்’ என்று தட்டினால் இருக்கும் பகுதிகளைப் பட்டியலிடும். ஒவ்வொன்றாகப் பார்த்து, பூட் கோப்புறை ஆறாவதில் இருப்பதைக் கண்டு, ஐந்தை ஆறாக்கினால் மடிக்கணினி எழுந்துவிடும். இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டியதுதான் ஒரே நிபந்தனை.

அந்தக் காலத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் இதைத் தெரிந்துவைத்திருந்தார்கள் என்று சொன்னால் அது பழம்பெருமை. தமிழ்நாடு முழுக்கச் சர்வீஸ் கடையின் மந்திரம் ‘ஃபார்மட் அடிச்சு ஓஎஸ் போட்டாத்தான் சரியாகும்’ என்பதாகவே இருந்தது, இன்றும் பல இடங்களில் அதுதான். ஒரு எண்ணைத் திருத்தினால் தீரும் கோளாறுக்கு மாணவரின் புராஜெக்ட், குடும்பப் படங்கள், ஒட்டுமொத்த வட்டையும் துடைத்தெறிந்த சோம்பல் அது. அப்படியிருக்க, கைத்திறன் இருந்த காலம் என்று எதைச் சொல்கிறாய் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: திறன் எல்லாரிடமும் இருந்ததாக நான் சொல்லவில்லை, திறனுக்கு வழி திறந்திருந்தது என்கிறேன். கற்றுக்கொள்ள விரும்பிய ஒரு பாலிடெக்னிக் மாணவர் பென்டிரைவில் லினக்ஸைப் போட்டு, படுத்துக்கிடக்கும் மடிக்கணினியை அதிலிருந்து எழுப்பி, கோப்புகளை நகலெடுத்த பிறகே ஃபார்மட்டில் கை வைக்க முடிந்தது. மடிக்கணினி அவரிடம் ‘நீ யார்’ என்று கேட்கவில்லை.

அப்படிக் கேட்காமல் இருந்ததில் ஆபத்தும் இருந்தது. இந்தக் கதையின் எதிர்த்தரப்பு பலவீனமானதல்ல. 1999 ஏப்ரல் 26 அன்று சிஐஎச் என்னும் வைரஸ், தொற்றிய கணினிகளின் வட்டை நாசமாக்கியதோடு, பல தாய்ப்பலகைகளில் பயாஸின் மேலேயே குப்பையை எழுதியது. சிப்பை மாற்றாமல் அவற்றை எழுப்ப முடியவில்லை. முதல் சைகையைக் கெடுத்தால் முழு இயந்திரமும் ஊமையாகும் என்பதைக் கெட்டவர்களும் கண்டுகொண்டார்கள். பூட்லோடருக்கும் கெர்னலுக்கும் நடுவே ஒளிந்துகொண்டு ஆன்டிவைரஸின் கண்ணில் படாமல் வாழும் வைரஸ்களும் பின்னர் வந்தன. பழைய பயாஸின் இடத்தை யூஈஎஃப்ஐ என்னும் புதிய முறை எடுத்துக்கொண்டது. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது, அதன் முத்திரை பெறும் கணினிகளில் செக்யூர் பூட் இருந்தாக வேண்டும் என்றானது. தாய்ப்பலகை தனக்குத் தெரிந்த கையெழுத்து இருக்கும் பூட்லோடரை மட்டுமே எழுப்பும். சாதாரணக் கணினிகளில் அந்தக் கையெழுத்து நடைமுறையில் மைக்ரோசாஃப்டுடையது. லினக்ஸ்காரர்களும் ‘ஷிம்’ என்ற சிறு நிரலை அவர்களிடம் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கித்தான் உள்ளே வர வேண்டியதாயிற்று. 2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் அப்டேட், ஓட்டையிருந்த பழைய பூட்லோடர்களைத் தள்ளிவைக்கும் நல்ல நோக்கத்தோடு ஒரு தடைப்பட்டியலைப் புதுப்பித்தது. இரட்டை இயங்குதளம் உள்ள கணினிகளை அது தொடாது என்றுதான் சொல்லப்பட்டது. தொட்டது. விண்டோஸுக்குள் அப்டேட் போட்டவர்களின் லினக்ஸ், பாதுகாப்பு விதிமீறல் என்று சொல்லித் திறக்க மறுத்தது. 2015இல் எண் மாறியதால் வழி தவறியது; 2024இல் வழி சரியாகவே இருந்தும் வாசலில் தடுத்தார்கள்.

இதைவிடத் தெளிவான சாட்சி அதே ஆண்டு ஜூலை 19 அன்று கிடைத்தது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு பிழையான கோப்பு உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். திருத்தம் என்னவோ எளியதுதான்: சேஃப் மோடில் போய் அந்த ஒரு கோப்பை அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். நாலு வரியில் எழுதித் தந்தால் யாரும் செய்துவிடலாம். ஆனால் விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்த கணினிகளில் அந்த நாலு வரிக்கு முன்னால் 48 இலக்க மீட்புச்சாவி ஒன்றைக் கேட்டது. அது கைவசம் இல்லாத இடங்களில் தீர்வு தெரிந்தும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். பெருநிறுவனத்தில் சாவியைத் தேடித்தர ஒரு துறையே இருக்கும். திருவண்ணாமலையில் ஒரு கல்லூரி மாணவியின் மடிக்கணினி இதே நீலத்திரையைக் காட்டினால்? அந்தச் சாவி அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். வாங்கிய அன்று, அவசரத்தில், கடையில் யாரோ ஒரு மின்னஞ்சலைத் தட்டி அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்திருந்தால், மின்னஞ்சலும் தெரியாது, சாவியும் கிடையாது. 2024 ஜூலையில் வந்த வழக்கமான விண்டோஸ் அப்டேட் ஒன்றே பல கணினிகளில் இந்தச் சாவியைக் கேட்க வைத்தது. அதே ஆண்டின் விண்டோஸ் 11 பதிப்பில் இருந்து, புதிதாக நிறுவும்போதே வட்டுப் பூட்டு தானாக விழுவது வழக்கமாகிவிட்டது. பூட்டு விழுந்ததே தெரியாதவரிடம் சாவி கேட்பதுதான் இன்றைய ‘ஆன் ஆகல’.

மடிக்கணினி திருடுபோனால் படங்களும் வங்கி விவரங்களும் வெளியே போகாதிருக்கத்தானே பூட்டு என்பார்கள். சரிதான், அதற்காகப் பூட்டு வேண்டும். பூட்டுவதற்கு முன் சாவியை உரியவர் கையில் கொடுத்துவிட்டுப் பூட்டினால் யாருக்கும் சண்டையில்லை. இவ்வளவு வம்பு எதற்கு, அப்டேட்டையே நிறுத்திவிடலாமே என்பது இன்னொரு தரப்பு. கடைகளில் அப்டேட்டை முடக்கித் தருவதைச் சேவையாகவே செய்கிறார்கள். ஆனால் 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்னும் வைரஸ் உலகைச் சுற்றிவந்தபோது பக்கத்து ஆந்திரத்தில் காவல்துறைக் கணினிகளே சிக்கின. அதைத் தடுக்கும் அப்டேட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வந்துவிட்டிருந்தது. லினக்ஸ் மட்டும் வைத்திருந்தால் தப்பியிருக்கலாம் என்று சொல்லும் நண்பர்களுக்கு 2017இன் கடைசியில் வந்த உபுண்டு லினக்ஸின் 17.10 பதிப்பை நினைவூட்ட வேண்டும். லெனோவோவின் சில மாடல்களில் அது பயாஸ் அமைப்புகளையே சேமிக்க முடியாதபடி செய்தது; பதிவிறக்கத்தைத் திரும்பப் பெற்றார்கள். எந்தக் கட்சியும் இதில் கற்புக்கரசி இல்லை. ஆனாலும் ஒரு வேறுபாட்டை மறைக்கக் கூடாது: உபுண்டுவின் பிழையை எந்த ஊரில் இருப்பவரும் நோண்டிப் பார்க்கலாம், திருத்தம் வெளிவந்தால் தானே போட்டுக்கொள்ளலாம். சாவி இல்லாத வட்டின் முன்னால் உலகின் மிகச் சிறந்த மெக்கானிக்கும் வாடிக்கையாளரும் ஒன்றுதான்.

2025 மார்ச் 14 அன்று தாக்கலான தமிழக நிதிநிலை அறிக்கை, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தரப்படும் என்று அறிவித்து, முதல் தவணையாக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. திருவண்ணாமலை அரசு கலைக் கல்லூரி மாணவர்களும் அந்தக் கணக்கில் வருவார்கள். 2011இல் எந்த இயங்குதளம் என்று சண்டை போட்டோம். இந்த முறை கேட்க வேண்டிய கேள்வி மீட்புச்சாவியை யார் பெயரில், எந்தக் கணக்கில் வைப்பது, அதை அச்சிட்டு மாணவர் கையில் கொடுப்பார்களா என்பது. பையும் சார்ஜரும் கொடுக்கிறவர்களுக்கு ஒரு துண்டுக் காகிதம் பெரிய செலவில்லை. செக்யூர் பூட்டுக்கு அடிப்படையான, 2011 தேதியிட்ட மைக்ரோசாஃப்ட் சான்றிதழ்களின் ஆயுள் 2026 ஜூனில் இருந்து முடியத் தொடங்குகிறது. அதனால் கணினிகள் மறுநாளே படுத்துவிடப் போவதில்லை. புதிய சான்றிதழ் ஏறாதவற்றுக்கு எழும் கட்டத்துக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோகும், அவ்வளவே. அந்தப் புதிய சான்றிதழ் ஏறுவதற்கும் ஒரு அப்டேட் வேண்டும், சில மாடல்களுக்குத் தயாரிப்பாளரின் பயாஸ் அப்டேட்டும் வேண்டும். செக்யூர் பூட் வருவதற்கு முன் கொடுக்கப்பட்ட 2011ஆம் ஆண்டு அரசு மடிக்கணினிக்கு இந்தத் தேதி எதுவும் பொருட்டில்லை. பேட்டரி செத்து, ஓரம் உடைந்து எங்காவது கிடந்தாலும், சார்ஜரைச் செருகி லினக்ஸ் பென்டிரைவைக் காட்டினால் யாரையும் கேட்காமல் அது எழும். இணையத்தோடு இணைத்தால் யாரையும் கேட்காமல் வைரஸையும் உள்ளே விடும்.