இரு நகரங்களில் நம் பெயர்

இலண்டனையும் பாரிசையும் அருகருகே வைத்துப் பேசுவது பயணம் எழுதுவோர்க்கெல்லாம் பழகிப்போன வழக்கம். தேம்ஸ் அகன்ற ஆறு, சேன் ஒடுங்கிய ஆறு என்பர். 1666ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பிறகும் இலண்டன் தன் பழைய கோணல் தெருக்களை விடாமல் பற்றிக்கொண்டது. பாரிசோ 1853 முதல் ஓஸ்மான் என்னும் ஆட்சியாளரின் கையில் நூல் பிடித்தாற்போல் நேராக்கப்பட்டது. நிலத்தடி இரயில் முன்னதற்கு 1863இல் வந்தது, பின்னதற்கு 1900இல். இவை யாவும் மெய்யே. பள்ளி விடுமுறையில் கிடைத்த பத்து நாள்களில் நானும் இவற்றைக் கண்டு வியந்தேன். ஆயினும், லூனாஸ் வட்டாரத்துப் பால்மரங்களின் நிழலில் பிறந்து, அம்மரங்களை வெட்டியவர்தம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்து வரும் ஒருவனுடைய கண்ணுக்கு அந்நகரங்கள் இரண்டும் வேறொரு முகத்தையும் காட்டின. அதனைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

இலண்டனில் நான் முதலில் நாடிச் சென்ற இடம் அரண்மனையன்று. கியூ என்னும் புறநகர். ஹென்றி விக்காம் என்பார் பிரேசில் நாட்டிலிருந்து கொணர்ந்த ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகள் 1876இல் இங்குள்ள அரச தாவரத் தோட்டத்தில்தான் விதைக்கப்பட்டன. முளைத்தவை நூற்றுக்கு நான்கு கூட இல்லை. அக்கன்றுகளுள் பெரும்பாலானவை இலங்கைக்குச் சென்றன. மறு ஆண்டு சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தவை இருபத்திரண்டே. அவற்றுள் ஒன்பதைக் கோலகங்சாரில் நட்டார் பேராக்கின் பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ. கோலகங்சாரில் இன்றும் நிற்கும் முதிய மரத்தை நம் ஆசிரியர்கள் மாணவரை அழைத்துச் சென்று காட்டுவதுண்டு. அதன் தாய்வீடு கியூ. மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைச் சிங்கப்பூரில் வகுத்தளித்த ரிட்லி, ஓய்வு பெற்றபின் கியூவிலேயே வாழ்ந்து, 1956இல் நூறு வயது நிரம்பியவராய் மறைந்தார். அவர் உயிரோடிருந்த காலத்தில், அம்முறைப்படி நாள்தோறும் முந்நூறு நானூறு மரங்களைச் சீவிய கைகள் கெடாவில் எத்தனை ஆயிரம் இருந்திருக்கும்! அவர்களுள் எத்தனைபேர் அறுபதைத் தாண்டினர் என்று எண்ணாமல் அத்தோட்டத்தை விட்டு என்னால் வெளியேற இயலவில்லை.

அதே கியூவில், தோட்டத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில், பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. மரம் ஒரு பக்கம், மரத்தைப் பற்றிய காகிதம் மறுபக்கம்! கெடா 1909ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி சயாமின் பிடியிலிருந்து பிரிட்டிஷ் ஆதிக்கத்தின்கீழ் வந்த நாடு. அதன்பின் எழுதப்பட்ட ஆண்டறிக்கைகளைக் கேட்டுப் பெற்றேன். பென்சில் மட்டுமே கொண்டு செல்லலாம். பேனாவை வாயிலிலேயே வாங்கி வைத்துவிடுகின்றனர். அறிக்கைகள் ஒழுங்கானவை, நேர்மையானவை என்றுகூடச் சொல்வேன். எத்தனை ஏக்கர் பயிராயிற்று, எத்தனை கூலிகள் வந்தனர், எத்தனைபேர் மாண்டனர் என்பனவெல்லாம் அவற்றுள் உள. அதிகாரிகளுக்கும் துரைமார்களுக்கும் பெயர் உண்டு. உழைத்தவர்க்கு எண் மட்டுமே உண்டு. ஒரு நாள் முழுவதும் பக்கங்களைப் புரட்டினேன். ஒரு முனியம்மாளையோ ஒரு வீராசாமியையோ நான் சந்திக்கவில்லை.

மின்சிங் லேன் என்னும் தெருவையும் பார்த்தேன். ஒரு காலத்தில் தேயிலையும் ரப்பரும் விலை பேசப்பட்ட தெரு அது. நம் தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டில் நின்றவர்க்கு அன்றைய கூலி கூடுமா குறையுமா என்பது ஏழாயிரம் மைல் தொலைவிலிருந்த இச்சிறு தெருவில் முடிவாயிற்று. இன்று அங்கே கண்ணாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. அது முன்பு ‘பிளாண்டேஷன் பிளேஸ்’ என்னும் பெயரால் வழங்கப்பட்டது. சுற்றிப் பார்த்தேன், மரம்தான் இல்லை. 1981 செப்டம்பர் 7ஆம் நாள் இதே நகரத்தின் பங்குச் சந்தையில்தான், மலேசியத் தேசிய முதலீட்டு நிறுவனம் ஒரே காலைப் பொழுதில் கத்ரி நிறுவனத்தின் உரிமையைக் கைப்பற்றியது. உடைமை மாறிய செய்தி தோட்டத்து லயங்களை எட்டியபோது அங்கே என்ன மாறிற்று என்பது வேறு கட்டுரைக்குரிய பொருள்.

இனி நூல்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்திலிருந்த தமிழ் நூல்களுக்கு பார்னெட்டும் ஜி.யு. போப்பும் தொகுத்த விரிவான பட்டியல் 1909இல் வெளிவந்தது. போப் அதற்கு முன்னாண்டே மறைந்துவிட்டார். குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலமாக்கிய அப்பெரியார், எண்பது கடந்த முதுமையிலும் நூற்பட்டியல் தொகுக்கும் வறண்ட பணியைச் சிறிதென எண்ணவில்லை. பட்டியல் எழுதுவதைக் குமாஸ்தா வேலை என்று கருதும் நம்மவர் இதனை ஒரு கணம் நினைத்துப் பார்த்தல் நலம். அந்நூல்கள் இன்று செயின்ட் பேங்கிராசில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

அந்நூலகத்திற்கு அடுத்தாற்போலவே இரயில் நிலையம். அங்கே ஏறினால் கடலடிச் சுரங்கத்தின் வழியே இரண்டரை மணி நேரத்திற்குள் பாரிஸ் வடக்கு நிலையம். வெளியே வந்து சற்று நடந்தால் லா ஷப்பேல். அங்கே தமிழ்ப் பெயர்ப்பலகைகள், முருங்கைக்காய், நகைக்கடை, மணமாலை! 1983க்குப் பின் இலங்கையிலிருந்து வந்த நம் மக்கள் உருவாக்கிய கடைத்தெரு அது. 1985இல் எழுந்த மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர் ஆண்டுதோறும் அப்பகுதியில் உலா வருகிறது. இலண்டனின் ஹைகேட் முருகன் கோயிலுக்கும் ஏறக்குறைய அதே வயது. இவ்வகையில் இரு நகரங்களுக்கும் வேற்றுமை காண்பது அரிது. ஆகையால் இதனை விரித்தெழுதாது விடுகின்றேன்.

பாரிசுக்கும் ரப்பருக்கும் உள்ள உறவு இலண்டனின் உறவினும் பழமையானது. தென்னமெரிக்காவில் ஆய்வு செய்துகொண்டிருந்த லா கொண்டமின் என்னும் அறிஞர், 1736இல் ரப்பர் மாதிரிகளைப் பாரிஸ் அறிவியற் கழகத்திற்கு அனுப்பி வைத்தார். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பை எழுதத் தொடங்கியதும் அதே 1736இல்தான். ஒன்றையொன்று அறியாத இவ்விரண்டும் பின்னர் ஒரே நகரத்தை அடைந்தன. பிள்ளையின் நாட்குறிப்பைப் படியெடுத்தும், ஓலைச்சுவடிகளைத் திரட்டியும், குறளின் சில பகுதிகளைப் பிரெஞ்சில் பெயர்த்தும் தொண்டாற்றிய எதுவார் ஏரியல் 1854இல் மறைந்தார். அவர் சேர்த்த செல்வம் பாரிஸ் தேசிய நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. காரைக்காலில் வளர்ந்து தமிழ் கற்ற ஜூலியன் வின்சோன் பாரிசில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார், உ.வே. சாமிநாதையருடன் கடிதத் தொடர்பும் கொண்டிருந்தார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1961 முதல் பணியாற்றிய தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966இல் கோலாலம்பூரில் கூடியதை நாம் அறிவோம். மூன்றாம் மாநாடு 1970இல் பாரிசில் கூடியது. அங்கே ழான் பிலியோசா போன்ற அறிஞர் தமிழை ஒரு செவ்வியல் மொழியாகவே மதித்தனர். தமிழ் என்றால் இலண்டனுக்கு ஆட்சி, வணிகம், சமயப்பணி ஆகியவை முதலில் நினைவுக்கு வந்தன. பாரிசுக்குச் சுவடி நினைவுக்கு வந்தது. இவ்வாறு கூறுவதில் சிறிது மிகை இருக்கலாம், முற்றும் தவறாகாது.

பாரிசின்மீது எனக்கு எழுந்த இவ்வியப்பு இரண்டாம் நாளிலேயே சற்றுக் குலைந்தது. நான் தங்கியிருந்த விடுதியின் பணியாளர் ஒருவர் மாநிறத்தவர். சட்டையில் குத்தியிருந்த பெயர் ‘ராமசாமி’. மகிழ்ச்சியோடு தமிழில் வணக்கம் சொன்னேன். அவருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. தாம் குவாதலூப் தீவைச் சேர்ந்தவர் என்றும், பாட்டனுக்குப் பாட்டன் இந்தியாவிலிருந்து வந்தவர் என்றும், தம் பெயருக்குப் பொருள் தமக்குத் தெரியாது என்றும் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார். பொருளை நான் சொன்னேன். தம் தாயாரிடம் கூற வேண்டுமென்று, ஒரு தாளில் எழுதித் தரும்படி கேட்டார்.

பிரெஞ்சு நாடு 1848இல் அடிமை முறையை ஒழித்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1853 முதல் மார்த்தினிக்குக்கும் 1854 முதல் குவாதலூப்புக்கும் கப்பல்கள் சென்றன. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஏறியவர்களுள் பெரும்பகுதியினர் தமிழர். குவாதலூப்புக்கு மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டனர். ஓலைச்சுவடியை அவ்வளவு அன்போடு சேர்த்துவைத்த அதே நாடுதான், அச்சுவடியின் மொழியைப் பேசியவரையும் கப்பலேற்றியது. அவர்தம் வழித்தோன்றலான ஹென்றி சிதம்பரம், இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைக்காக 1904 முதல் வழக்காடி 1923இல் வென்றார். உரிமை கிடைத்தது. மொழி மீளவில்லை. மாரியம்மன் வழிபாடு இன்றும் அத்தீவுகளில் உண்டு; அம்மையின் பெயர் மட்டும் அங்குள்ளோர் நாவில் ‘மாலியெமென்’ எனத் தேய்ந்துவிட்டது.

மலாயாவில் அவ்வாறு நேராமற் போனது ஏன்? நம்முடைய மொழிப்பற்று அவர்களுடையதைவிட மிகுதி என்று பெருமை பேசிக்கொள்ள எனக்கு உடன்பாடில்லை. முதற்காரணம் கடலின் அகலம். நாகப்பட்டினத்திற்கும் பினாங்குக்கும் இடையே ஒரு வாரப் பயணம். இராஜூலா போன்ற கப்பல்கள் ஆளை மட்டுமன்றிப் புத்தகத்தையும் பூசாரியையும் வாத்தியாரையும் ஏற்றி வந்தன. கங்காணி தன் ஊராரையே அழைத்து வந்ததால் ஊர்ப்பேச்சும் உடன் வந்தது. கருநீர் கடந்து கரீபியத் தீவுகளுக்குப் போனவர்க்கோ, பல மாதப் பயணத்திற்குப் பின் ஊரோடு தொடர்பே அற்றுப்போயிற்று. இரண்டாவது, தோட்டப் பள்ளிக்கூடம். அதனைக் கட்டிய துரைமார் தமிழை வளர்க்கக் கட்டவில்லை. பிள்ளையை ஓரிடத்தில் உட்கார வைத்தால் தாய் வேலைக்கு வருவாள், குடும்பமும் தோட்டத்தை விட்டு அகலாது என்னும் கணக்கே அதற்குப் பின்னால் இருந்தது. ஆயினும் அந்த ஓலைக் கொட்டகையில் கங்காணியோ கிராணியோ சொல்லிக்கொடுத்த அகரம்தான் ராமசாமிக்குத் தன் பெயரின் பொருளைத் தெரியவைத்தது. குவாதலூப்பில் பிரெஞ்சுப் பள்ளி இருந்தது. தமிழ்க் கொட்டகை இல்லை.

தோட்டத் துண்டாடல் நம் மக்களைச் சிதறடித்த காலத்தில், துன் சம்பந்தன் தோட்டத் தொழிலாளரிடமே பங்குப் பணம் திரட்டிக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார். அது முதன்முதலில் வாங்கியது நம் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தையே. அவ்வாறு காக்கப்பட்டவை சில. கைமாறி மறைந்தவை பல. தோட்டம் விற்கப்பட்டபோது அலுவலகத்திலிருந்த செக்ரோல் புத்தகங்கள் என்னவாயின? பல இடங்களில் கொளுத்தப்பட்டன என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கியூவில் நான் தேடிக் காணாத பெயர்கள் அவற்றில்தாம் இருந்தன: முனியம்மாளும் வீராசாமியும், நாள்தோறும் இட்ட வருகைக் கோடுகளோடு.

எஞ்சியிருப்பவை பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள். பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், பிறந்த நாள், தோட்டம், எத்தனையாம் எண் லயம் என்பவை அதில் உண்டு. சிலவற்றில் பள்ளியை விட்டு நின்ற காரணமும் உண்டு. ‘தாய் இறந்தாள், தம்பியைப் பார்த்துக்கொள்ள’ என்று ஒரு பதினோரு வயதுச் சிறுமிக்கு எதிரே எழுதியிருந்ததை நான் படித்திருக்கிறேன். தோட்டத்திலிருந்து பட்டணத்திற்குப் பள்ளிகள் இடம்பெயரும்போது இப்பதிவேடுகள் பழைய நாற்காலிகளோடு கட்டி வைக்கப்படுகின்றன. நான் பார்த்த ஒரு பள்ளியில் இரண்டு பதிவேடுகளைக் கரையான் நடுவே துளைத்திருந்தது. ஓரத்தில் எண்கள் மிஞ்சின, பெயர்ப்பத்தி போய்விட்டது.

ஊர் திரும்பிய வாரத்தில் என் பள்ளி அலமாரியைத் திறந்து மிகப் பழைய பதிவேட்டை எடுத்தேன். ஆறாம் ஆண்டு மாணவர் நால்வர் மாலையில் ஒரு மணி நேரம் இருந்து, பெயர்களைப் புதிய குறிப்பேட்டில் படியெடுத்து வருகின்றனர். பழைய கையெழுத்து அவர்களுக்கு எளிதில் புரிவதில்லை. ‘ளை’யும் ‘லை’யும் கொம்பு மாற்றி எழுதப்பட்ட முறையை முதலில் கற்பிக்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் ஒரு மாணவி தன் கொள்ளுப்பாட்டனின் பெயரைக் கண்டுபிடித்தாள். வீட்டில் வழங்கும் பெயர் வேறு, பதிவேட்டிலுள்ள பெயர் வேறு. லயத்து எண்ணைக் கொண்டுதான் தெளிந்தோம். இதுவரை இருநூற்றுப் பதினான்கு பெயர்கள் ஆகியிருக்கின்றன. இன்னும் மூன்று பதிவேடுகள் உள.