ஐந்து ஷில்லிங் காணி

கண்டி நகரிலிருந்து மஹய்யாவ, கட்டுகஸ்தோட்டை வழியாக மாத்தளை நோக்கிச் செல்லும் பாதையின் அயலில் ஒரு காணியை மதிப்பிடப் புகுபவர், முதற்கண் அயற்காணிகளின் விற்பனை உறுதிகளையே நாடுவார். பரப்பு, பாதை, நீர்வசதி, விற்ற காலம் ஆகியவற்றை ஒப்புநோக்கி விலை காண்பார். ஒத்த காணிக்கு ஒத்த விலை என்பதே இம்முறையின் அடிப்படை. ஆயின், ஒப்பிட எடுத்த விற்பனை உண்மையான விற்பனைதானா? இவ்வினாவின் ஆழத்தை மலைநாட்டு வரலாறு உணர்த்துகின்றது.

கண்டி மன்னர் காலத்தில் வயலின் பரப்பு ஏக்கரால் அளக்கப்படவில்லை. விதைக்கும் நெல்லின் அளவாகிய அமுணத்தால் அளக்கப்பட்டது. காணியை அனுபவித்தவர் அதற்கீடாக ஊழியஞ் செய்தனர். சேனைப் பயிர் செய்த காடுகளுக்கு உறுதிச் சீட்டு இருப்பது அரிது.

1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1832இல் இராசகாரியம் ஒழிந்தது. 1833 முதல் முடிக்குரிய காணிகள் ஏக்கருக்குக் குறைந்தது ஐந்து ஷில்லிங் என்னும் விலையில் விற்கப்பட்டன. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமோ, காடும் தரிசும், மறுதலை நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவை என அநுமானித்தது. சீட்டில்லாத குடியானவன் எதனைக் காட்டி நிரூபிப்பான்? கோப்பிப் பயிரின் வேட்கையில் அரசாங்க உயர் அதிகாரிகளுங்கூடக் காணி வாங்கினர். 1844இல் குறைந்த விலை இருபது ஷில்லிங்காக உயர்த்தப்பட்டது. மண் மாறவில்லை, கட்டளையே மாறிற்று.

தென்னிந்தியாவிலிருந்து வந்து, மன்னாரில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாக நடந்த தமிழ்த் தொழிலாளர் காட்டை வெட்டிய பின்னரே அம்மலைகள் பொன் விளையும் நிலமாயின. அவ்வுழைப்பு எந்த உறுதியிலும் விலையாக எழுதப்படவில்லை. அவர்களுக்கு அம்மண்ணில் பங்குமில்லை.

காலமும் விலையை மாற்றும். 1869இல் கோப்பி இலைநோய் தோன்றியது. அடுத்த இருபது ஆண்டுகளுள் கோப்பித் தொழில் நிலைகுலைந்தது. செழித்த காலத்து விலையைக் கொண்டு வீழ்ந்த காலத்துத் தோட்டத்தை மதித்தவர் ஏமாந்திருப்பர்.

1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம், அரசு எடுக்கும் காணிக்கு நட்டஈடு கணிக்கையில், விற்க இசைந்த ஒருவர் திறந்த சந்தையில் விற்றாற் கிடைக்கக்கூடிய தொகையைச் சந்தைப் பெறுமதி எனக் கொள்கின்றது. ‘இசைந்த’ என்னும் அச்சொல்லே இம்முறையின் உயிர். 1840இல் சட்டம் இயற்றியதும் அரசு, விற்றதும் அரசு. சேனைக் குடியானவனின் இசைவை எவரும் கேட்கவில்லை. ஆதலின் ஐந்து ஷில்லிங் என்பது அக்காணியின் பெறுமதியன்று. ஆட்சியின் வலிமை இட்ட விலையே அது. பழைய உறுதியைப் புரட்டுபவர் தொகையை மட்டும் நோக்காது, விற்றவர் யார், இழந்தவர் யார் என்பதையும் நோக்குதல் வேண்டும்.