ஒலுவில் பல்கலைக்கழகமும் இரண்டு திகதிகளும்

ஒலுவில் பல்கலைக்கழகம் எப்படி வந்தது என்றால் நம் பிள்ளைகள் ‘மர்ஹூம் அஷ்ரஃப் தந்தது’ என்பார்கள். உண்மைதான். ஆனால் யுத்தத்தில் நமது மாணவர்கள் வந்தாறுமூலைக்குப் போய்ப் படிக்க வழியில்லாமல் போனதால்தான் 1995இல் அது தொடங்கியது. 2003 ஜனவரி 29இல், அரசும் புலிகளும் பேசிக்கொண்டிருந்த காலத்தில், ஒலுவில் பிரகடனம் முஸ்லிம்களின் சுயநிர்ணய உரிமையைக் கேட்டதும் இங்கிருந்துதான்.

இன்று அதே வளாகத்தில் தமிழ், சிங்களப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். பரீட்சை, கிரிக்கெட் எல்லாம் பேசலாம். 1990 என்றால்தான் வாய் கட்டிவிடுகிறது.

ஆகஸ்ட் 3, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நம்மவர்கள் சுடப்பட்டதை நாம் வருடாவருடம் நினைவுகூர்கிறோம். அதே மாதம் 12ஆம் திகதி வீரமுனைக் கோயிலில் தஞ்சமிருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதை அந்த ஊர்ப் பிள்ளைகள் சொல்ல, நம் பிள்ளைகள் இடைமறிக்காமல் கேட்கவேண்டும். பிறகு காத்தான்குடியை நாம் சொல்வோம்.