முதலில் நியூட்ரல்

அமெரிக்காவில் 1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 67 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் அறுந்தால் இன்ஜின் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொள்ளும். ஆக்ஸிலேட்டர் இணைப்பும் கூடவே இழுபட்டு, காலை எடுத்த பிறகும் கார் பாயும். நிறுவனம் கண்ட தீர்வு, இன்ஜின் எழும்பாமல் பிடித்துவைக்க ஓர் எஃகு வடம். 1973 செப்டம்பரில் அமலுக்கு வந்த 124ஆம் எண் பாதுகாப்பு விதி, காலை எடுத்ததும் த்ராட்டில் (இன்ஜினுக்குக் காற்றை விடும் வால்வு) மூடிக்கொள்ள வேண்டும், ஒரு ஸ்பிரிங் உடைந்தாலும் இன்னொன்று அதை மூட வேண்டும் என்றது. இரண்டும் அவசியமானவை. ஆனால் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவர் அந்தச் சில நொடிகளில் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு இரண்டிலும் இடமில்லை. அடுத்த 40 ஆண்டுகளும் அப்படியே போயின. தவறு யாருடையது என்ற வழக்கு பெரிதாகப் பெரிதாக, கற்றுத்தர வேண்டிய பாடம் கையேட்டின் ஒரு பத்தியாகச் சுருங்கியது.

1986 நவம்பரில் ‘60 மினிட்ஸ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சி ஆடி 5000 கார்கள் தானாகப் பாய்வதாகக் காட்டியதும் நாடே கொதித்தது. 1989இல் வெளியான அரசு ஆய்வோ, பெரும்பாலான சம்பவங்களில் ஓட்டியவர் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்திருக்கிறார் என்ற முடிவுக்கு வந்தது. பிரேக்கை மிதித்தால்தான் பார்க்கிங்கிலிருந்து கியர் நகரும் என்ற பூட்டு பரவியது இந்தச் சர்ச்சையால்தான். அந்த முடிவைப் பலர் ஓட்டுநர்களுக்கு எதிரான தீர்ப்பாகவே படித்தார்கள். என் பார்வையில் அது பயிற்சிக்கான தகவல். பிரேக்கில்தான் கால் இருக்கிறது என்று முழுதாக நம்புகிறவரிடம் ‘பிரேக்கை அழுத்து’ என்றால் இன்னும் பலமாக ஆக்ஸிலேட்டரைத்தான் அழுத்துவார். காலை நம்பாத ஒரு வழி அவருக்குத் தேவை.

2009 ஆகஸ்ட் 28 அன்று சான் டியேகோ அருகே இரவலாகப் பெற்ற ஒரு லெக்சஸ் காரில் நால்வர் இறந்தார்கள். வேறு மாடலுக்கான ரப்பர் மேட் ஆக்ஸிலேட்டர் பெடலைச் சிக்கவைத்திருந்தது. ஓட்டியவர் நெடுஞ்சாலை ரோந்துக் காவலர். அனுபவக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. ஓடும் காரில் இன்ஜினை அணைக்க ஸ்டார்ட் பட்டனை 3 நொடி விடாமல் அழுத்த வேண்டும். பழக்கமில்லாத காரில் அது எப்படித் தோன்றும்? தொடர்ந்து, லெக்சஸைத் தயாரிக்கும் டொயோட்டா பல லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. மின்னணுக் கோளாறா என்று நாசா பொறியாளர்கள் ஆராய்ந்து, அப்படிப் பெரிய பாய்ச்சலை உண்டாக்கும் கோளாறு எதுவும் தென்படவில்லை என்று 2011 பிப்ரவரியில் அறிக்கை தந்தார்கள். மறுபடியும் விவாதம் முழுக்கக் காரணத்தைப் பற்றியே.

பிரேக் இன்ஜினைவிட வலுவானது, அதுவே போதுமே என்பார்கள். உண்மைதான்: ‘கார் அண்ட் டிரைவர்’ இதழ் நடத்திய சோதனையில், மணிக்கு 70 மைல் வேகத்தில் த்ராட்டில் முழுதும் திறந்திருந்த டொயோட்டா கேம்ரி 190 அடியில் நின்றது, வழக்கத்தைவிட 16 அடிதான் அதிகம். ஆனால் அது ஒரே மூச்சில், முழு பலத்தோடு மிதித்தபோது. பெட்ரோல் காரின் பிரேக் பூஸ்டர் இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடத்தில் இயங்குவது. த்ராட்டில் முழுதும் திறந்தால் அந்த வெற்றிடம் கிட்டத்தட்ட இல்லாமல் போகும். சேமிப்பில் இருப்பது ஓரிரு மிதிக்குத்தான் வரும். பயத்தில் விட்டு விட்டு மிதிப்பவருக்குப் பெடல் கல்லாகிவிடும். அரைகுறையாக நெடுநேரம் அழுத்தினாலோ சூட்டில் பிரேக் பிடிமானம் குறையும்.

நியூட்ரலுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. மேட் சிக்கினாலும், கேபிள் இறுகினாலும், கால் தவறினாலும் சக்கரத்துக்குப் போகும் விசை அறுந்துவிடும். கியர் மாற்றும் காரில் கிளட்ச் இதே வேலையைச் செய்யும். இன்ஜின் கெட்டுவிடும் என்று தயங்குகிறவர்கள் உண்டு. இன்றைய இன்ஜின்களில் சுழற்சி ஓர் அளவைத் தாண்டாமல் கணினி தடுக்கிறது; கெட்டாலும் உயிருக்கு முன் அது பொருட்டல்ல. சாவியைத் திருப்பி அணைத்துவிடலாமே என்றால், 1970 முதல் பல கார்களில் சாவியை எடுத்ததும் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் சேர்ந்து அழுந்தினால் பிரேக்குக்கு முதலிடம் தரும் அமைப்பு புதிய கார்களில் வந்துவிட்டது என்பதும் சரி. தவறான பெடலில் இருக்கும் காலுக்கு அது உதவாது.

பதற்றத்தில் எதுவும் நினைவுக்கு வராது என்ற மறுப்பைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். அதற்கு விடை, பாடத்தைப் படிக்கவைப்பதோடு நிற்காமல் கையைப் பழக்குவது. காலி மைதானத்தில், மெதுவான வேகத்தில், பயிற்சியாளர் சொன்னதும் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல் லீவரை நியூட்ரலுக்குத் தள்ளி, பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம்கட்ட வேண்டும்; கார் நின்ற பிறகே இன்ஜினை அணைக்க வேண்டும். லீவருக்குப் பதில் பட்டனோ திருகோ உள்ள கார்களில் நியூட்ரலை எப்படிப் போடுவது என்பதை, வண்டியை எடுப்பதற்கு முன்பே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட வேண்டும்.